பந்துக்குள் யாருடைய காற்று

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் டிரில் மாஸ்டர் தம்பி போன வாரம் ஒரு பந்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்தப் பந்துக்கு வார் இல்லை, வாய் இல்லை. பொட்டு வைத்த மாதிரி ஒரு துளை மட்டும் இருந்தது. அதில் ஊசியைச் செருகிப் பம்பு அடித்தால் காற்று ஏறிவிடுமாம்.

"இனிமே பந்து தைக்க ஆளே வேணாம்மா. அதனால நீங்க தைச்ச கதைய ஆண்டு மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார். வேலை போனதைச் சொல்லிவிட்டு வேலை கொடுக்கிற சாமர்த்தியம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

மேடையில் பேசச் சொல்லியிருந்தால் அன்றைக்கே செவிலிமேடு தாண்டி ஆற்றுப் பக்கம் ஓடியிருப்பேன். நாலு பேர் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதச் சொன்னதால் பிழைத்தேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். பிழை இருந்தால் தமிழய்யா திருத்தட்டும். மரியாதைக் குறைவாக எங்காவது எழுதியிருந்தால் அதை மட்டும் திருத்த வேண்டாம். நடந்ததே அப்படித்தான்.

என் நைனா கவலைச் சால் தைக்கிறவர். கிணற்றில் மாடு கட்டி இறைப்பார்களே, அந்தத் தோல் பை. தாமலிலிருந்தும் கூரத்திலிருந்தும் ஆட்கள் தேடி வருவார்கள். எங்கள் தெரு ஊருக்குத் தள்ளி, தோல் ஊறவைக்கும் தொட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தது. வருகிறவர்களுக்கு வழி சொல்லத் தேவையில்லை, மூக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடும். பத்து வயதில் என் கைக்கு ஊசி வந்தது. பதினாறில் நைனாவுக்குக் கண் மங்கியது. நடுவில் உள்ள ஆறு வருஷத்தை எழுதினால் குத்துப்பட்ட விரலைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

அப்போது பாதிரியார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர் ஞானப்பிரகாசம். கிழிந்துபோன சீமைப் பந்து ஒன்றைக் கொண்டுவந்து நைனாவின் முன்னால் போட்டார்.

"இது மாதிரி ஒண்ணு தைக்க முடியுமாப்பா?"

"அதுக்கின்னாங்க, தைச்சிடலாம்" என்றார் நைனா. முடியாது என்ற சொல் நைனாவிடம் கிடையாது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கொள்வார், அவ்வளவுதான்.

சாலுக்குத் தையல் விளிம்பு வெளியே நிற்கும். நான் பந்தையும் அப்படியே தைத்தேன். பார்க்கப் பலாப்பழத்துக்குத் தங்கை மாதிரி இருந்தது. மாஸ்டர் அதை மேசைமேல் வைத்தார். அது உருளாமல் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதுல தண்ணி புடிச்சு வெக்கலாம்மா" என்றார். அதற்குமேல் திட்டவில்லை. எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

பிறகு அந்தச் சீமைப் பந்தை ஒவ்வொரு தையலாகப் பிரித்துப் பார்த்தேன். உள்புறத்தை வெளியே வைத்துத் தைத்து, கடைசியில் வாய் வழியாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். பந்து அதுவரைக்கும் சட்டையை மாற்றிப் போட்ட பிள்ளை மாதிரிதான் இருக்கும். இது தெரிந்த பிறகு மிச்சம் எல்லாம் வேலைதான்.

அந்த வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், இனிமேல் யாரும் கேட்கப் போவதில்லை. ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய தோலில் முதுகுப் பக்கம்தான் பந்துக்கு ஆகும். வயிற்றுத் தோல் இழுத்த பக்கம் எல்லாம் போகும், நாலே ஆட்டத்தில் பந்து பூசணிக்காய் ஆகிவிடும். முதுகுத் தோலை நனைத்து, கல்லைக் கட்டி இரண்டு நாள் தொங்கவிட வேண்டும். நீள்கிற மட்டும் நீண்டு ஓய்ந்த பிறகு தகர அச்சு வைத்துப் பதினெட்டுத் துண்டாக வெட்ட வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு. ஒரே துளைக்குள் இரண்டு ஊசி எதிரும் புதிருமாகப் போய்வர வேண்டும். வாய்க்குப் பக்கத்துத் தையல்தான் கடைசி. அதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரலால் தடவித்தான் போட வேண்டும். அப்புறம் உள்ளே ரப்பர் பிளாடர். காற்றடித்து, அதன் குழாயை மடக்கிக் கட்டி, வாய்க்குள் தள்ளி, வாரால் இழுத்து மூடினால் பந்து. மேலே கொழுப்பும் விளக்கெண்ணெயும் கலந்து பூச வேண்டும், இல்லாவிட்டால் தோல் விறைத்துவிடும்.

இதெல்லாம் முடிந்து மாஸ்டரிடம் கொண்டுபோனால் அவர் பரீட்சை வைப்பார். முதலில் பள்ளிக்கூடத்து நடையில் பந்தை உருட்டிவிடுவார். சுவர் வரைக்கும் நேராகப் போக வேண்டும். நெஞ்சு உயரத்திலிருந்து கீழே விடுவார், எழும்பி வர வேண்டிய அளவு அவர் முழங்காலில் இருக்கிறது. நாடா வைத்து மூன்று பக்கமும் சுற்றி அளப்பார். கட்டைவிரலால் அழுத்துவார். கடைசியில் காதோரம் வைத்து, குழந்தை வயிற்றைக் கேட்கிற டாக்டர் மாதிரிக் கண்ணை மூடிக்கொள்வார். என்ன கேட்டார் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் வந்ததில்லை.

வாயைத் திறப்பதைவிட விசில் அடிப்பதுதான் அவருக்குச் சுலபம். குட்டையாக ஒன்று என்றால் வா. இரண்டு என்றால் போ. நீளமாக அடித்தால் தப்பு. வீட்டிலும் விசில்தான் என்றும், அவர் மனைவி பதிலுக்குக் கரண்டியால் தவலையைத் தட்டுவார் என்றும் ஊரில் பேச்சு. அவர்கள் சண்டை போட்டு யாரும் கேட்டதில்லை, இசைக் கச்சேரிதான் கேட்டிருக்கிறார்கள்.

அந்த வருஷம் ஊரில் கால்பந்து லீக் நடத்தினார்கள். நாலு டீம். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள், போலீஸ், பிள்ளையார்பாளையம் நெசவாளர், சின்ன காஞ்சிபுரம். ஒவ்வொரு டீமும் மற்ற டீமோடு இரண்டு தரம் மோத வேண்டும். ஆடியில் ஆரம்பித்து ஐப்பசி மழைக்குள் முடிக்க வேண்டும். கப்பு கொடுத்தவர் ஒரு பட்டு ஜவுளிக்காரர். கப்பு அவருடையது என்பதால் தலைவரும் அவரே. பந்து பட்டணத்திலிருந்து வர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

"தோல் தெருப் பொண்ணு தைச்ச பந்தாம், அத வெச்சு லீக்காம். ஊரு சிரிக்காது?" என்று என் எதிரிலேயே கேட்டார்.

மாஸ்டர் யோசித்து, "ஒரே பந்து. சீசன் முழுக்க அதுலயே ஆடட்டும். கடைசி மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு கேப்டனும் பந்து சரின்னு எழுதிக் குடுத்தா, இந்தப் பொண்ணு பள்ளிக்கூடத்து ஸ்டோர்ல வேலைக்கு வரட்டும். நடுவுல பந்தால ஒரு மேட்ச் நின்னாலும் பட்டணத்துப் பந்தே வாங்கிக்கலாம்" என்றார். அவர் அவ்வளவு பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

தலைவர் சரி என்றார். எனக்கு அதில் என்ன இருந்தது என்றால், அந்த வேலை கிடைக்காவிட்டால் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கித் தோல் மிதிக்கப் போக வேண்டும். அம்மா அதில்தான் இருந்தாள். அவள் காலில் நகம் என்று ஒன்று கிடையாது.

சீசன் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் மைதானத்து ஓரம், புங்கமரத்தடியில், குத்தூசி, மாற்று பிளாடர், மாஸ்டருடைய சைக்கிள் பம்பு இவற்றோடு உட்கார்ந்திருப்பேன். அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண் நான்தான். முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துப் போட்டு, கண்ணுக்கு மட்டும் இடம் விட்டுக்கொள்வேன். எல்லோரும் ஆட்டத்தைப் பார்ப்பார்கள். நான் பந்தை மட்டும் பார்ப்பேன். யார் கோல் போட்டார்கள் என்று என் அண்ணனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வேன்.

நடுவில் ஒரு கண்டம் வந்தது. போலீஸ் டீம் ஒரு ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கியது. அவர்கள் கேப்டன் ஏட்டு, பந்து ஒரு பக்கம் சாய்கிறது, இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பந்தை ஸ்டேஷனுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நைனாவும் நானும் போனோம். கோழி திருடியவன் ஒருவன் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான், அவனுக்குப் பக்கத்தில் என் பந்து.

"சாயுதுன்றீங்களே ஏட்டய்யா, உருட்டிப் பாத்தீங்களா?" என்றார் நைனா.

ஏட்டு உருட்டினார். நேராகப் போனது. மறுபடி உருட்டினார். மறுபடியும் நேராகத்தான் போனது. கோழித் திருடன் உள்ளேயிருந்து, "அதான் நேரா போவுதேங்க, உட்டுடுங்க. எம்மேலயும் அப்படித்தாங்க கேசு போட்டாங்க" என்றான். பந்துக்கு அன்றைக்கே விடுதலை. அவனுக்கு எப்போது என்று தெரியவில்லை.

இனி கடைசி ஆட்டம். அதற்கு முன் சின்ன காஞ்சிபுரம் டீமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கோயிலைச் சுற்றியிருக்கும் வைணவக் குடும்பத்துப் பிள்ளைகள். வக்கீலுக்குப் படிக்கிறவர், பாடசாலையில் படிக்கிறவர் என்று எல்லோரும் படிப்பாளிகள். பந்தைக் காலிலிருந்து காலுக்குத் தள்ளிக்கொண்டு போவது பார்க்க அழகாக இருக்கும். பெரியவர்கள் அவர்களை ஆட விட்டதே ஒரு நிபந்தனையின் பேரில்தான். பந்து தோல், அதுவும் எங்கள் தெருவில் தைத்தது. காலால் உதைக்கலாம், செருப்பும் தோல்தானே. தலையால் முட்டினால்? அதற்கு ஒரு வாரம் விவாதம் நடந்து, தலைக்கு நீராடினால் போகும் என்று தீர்ப்பானது. கையால் மட்டும் தொடவே கூடாது. சாப்பிடுகிற கை, பெருமாளுக்குப் பூத் தொடுக்கிற கை.

கையால் தொடாமல் ஆடுகிற ஆட்டம் இது ஒன்றுதான் என்று வெள்ளைக்காரனுக்கு அவர்கள் நன்றிகூடச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கோல் காக்கிற கோலி கையால்தானே பிடிக்க வேண்டும்? அதற்கு எங்கள் தெருவிலிருந்து என் அண்ணன் தேவசகாயத்தைக் கூட்டிக்கொண்டார்கள். அண்ணன் கைகள் முழங்காலைத் தொடும். பத்துப் பேர் திருமண்ணோடு நிற்க, கோலில் மட்டும் சிலுவை போட்ட அண்ணன் நிற்பான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பந்து பக்கத்துக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், வெளியே விட்டவர்களின் எதிர் டீம் அதை இரண்டு கையாலும் தலைக்கு மேலிருந்து எறிந்துதான் உள்ளே கொண்டுவர வேண்டும். த்ரோ என்பார்கள். அதற்கும் கைதான் வேண்டும். அதனால் சின்ன காஞ்சிபுரத்துக்கு த்ரோ கிடைத்தால், அண்ணன் கோலை விட்டு ஓடிவந்து, எறிந்துவிட்டு, மறுபடி ஓடிப் போய் நிற்பான். மற்ற டீம்கள் சீசன் முழுக்க இதைப் பார்த்துச் சிரித்தார்கள், ஆனால் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியது ஒருவருக்குத்தான், நெசவாளர் டீம் கேப்டன் கன்னியப்பனுக்கு.

கடைசி ஆட்டம் அந்த இரண்டு டீமுக்கும். ஜெயித்தவர்களுக்குக் கப்பு. சின்ன காஞ்சிபுரம் கேப்டன் வரதன், வக்கீலுக்குப் படிக்கிறவர். கோட்டோரத்தில் அவருடைய பெரியப்பா குடையோடு நின்றிருந்தார். ஆட்டம் ஆரம்பித்ததும் வரதன் ஒரு கோல் போட்டுவிட்டார். நெசவாளர்கள் கால் பலம் உள்ளவர்கள்தான், நாள் முழுக்கத் தறி மிதித்த கால். ஆனால் பந்து அவர்கள் காலுக்கு வந்தால்தானே.

கன்னியப்பன் இடுப்பில் கை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு தன் ஆட்களிடம், "இனிமே பந்து கெடச்சா கோல் பக்கம் போவாதீங்கபா. கோட்டுக்கு வெளிய உடுங்க. எவ்ளோ தூரம் முடியுமோ அவ்ளோ தூரம்" என்றார்.

அண்ணன் கோலுக்கு எதிர்க் கோடியில் பந்தை வெளியே உதைத்தார்கள். அண்ணன் கோலை விட்டு மைதானம் முழுக்க ஓடினான். எறிந்தான். எறிந்த பந்தை நெசவாளர் பிடுங்கிக்கொண்டார்கள். திறந்து கிடந்த கோலை நோக்கி நீளமாக ஒரே உதை. அண்ணன் பந்துக்குப் பின்னாலேயே ஓடினான், பந்துதான் முதலில் போனது.

"சாமி!" என்று கூவினார் கன்னியப்பன். "கை எங்க சாமி? வூட்லயே மாட்டி வெச்சிட்டு வந்துட்டீங்களா?"

இடைவேளைக்கு முன் இன்னும் ஆறு தரம் அண்ணனை ஓடவிட்டார்கள். என் பக்கம் தண்ணீர் குடிக்க வந்தவன், "எஸ்தரு, நான் கோலியா, தபால்காரனா? நீயே சொல்லு" என்று மூச்சு வாங்கினான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், வெளியே உதைத்த பந்து இலந்தை வேலியில் போய் விழுந்தது. வார் போட்ட இடுக்கில் முள் இறங்கி, உள்ளே பிளாடர் போய்விட்டது. நடுவராக இருந்த மாஸ்டர் கட்டைவிரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது. குட்டையாக ஒரு விசில் அடித்தார். எனக்குத்தான். வா.

நடு மைதானத்துக்குப் போனேன். எத்தனை கண் என்று எண்ணவில்லை. முந்தானை தலையில் நிற்கவில்லை, இழுத்துவிடக் கையும் இல்லை. மாஸ்டர் பைக் கடிகாரத்தைத் திறந்து, "பத்து நிமிஷம்" என்றார். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, "பந்தால மேட்ச் நிக்குது, எல்லாரும் பாத்துக்குங்க" என்று அறிவித்தார்.

வாரை அவிழ்த்தேன். கிழிந்த பிளாடரை உருவிவிட்டு மாற்று பிளாடரை உள்ளே போட்டேன். பம்பைச் செருகி அடித்தேன். புஸ் என்று சத்தம்தான் வந்தது, காற்று வரவில்லை. பம்புக்குள்ளே விரற்கடை அகலத்தில் ஒரு தோல் வட்டு உண்டு. அது காய்ந்து சுருங்கியிருந்தது. சீசன் முழுக்கப் பந்துக்குக் கொழுப்பும் எண்ணெயுமாகப் பூசிய நான், அந்த ஒரு துண்டுத் தோலை மறந்துவிட்டேன். தோல் தைக்கிறவள் மறந்தது தோலை. என் தப்பு, வேறு யார் தப்பும் இல்லை.

யோசிக்க நேரம் இல்லை. பிளாடர் குழாயை வாயில் வைத்து ஊத ஆரம்பித்தேன்.

கன்னம் வெடித்துவிடும்போல் இருந்தது. கண்ணில் நீர் வந்தது. பிளாடருக்குப் பூசியிருந்த மாவு வாயெல்லாம் ஒட்டி வெள்ளையானது. கூட்டம் சிரித்தது எனக்குக் கேட்டது, ஊதுகிறபோது வெட்கப்பட மூச்சு இல்லை. குழாயை மடக்கிக் கட்டி, உள்ளே தள்ளி, வாரை இழுத்து முடிந்து நீட்டினேன். மாஸ்டர் உருட்டினார், கீழே விட்டார், அழுத்தினார், காதில் வைத்தார். கடிகாரத்தை மூடினார்.

அப்போதுதான் பெரியப்பாவின் குரல் வந்தது.

"வரதா! வெளில வாடா! வாயால ஊதிட்டா! எச்சில் பண்ணிட்டா!"

சின்ன காஞ்சிபுரம் டீம் அப்படியே நின்றது. தோலுக்குத் தீர்ப்பு இருந்தது. எச்சிலுக்கு இல்லை.

"அவங்க ஆடலைன்னா மேட்ச் நின்னுது. பந்தாலதான் நின்னுது" என்றார் தலைவர். அவருக்குச் சந்தோஷம் முகத்தில் தெரிந்தது, மறைக்கவும் இல்லை.

கன்னியப்பன் கோட்டுப் பக்கம் நடந்து போனார். "இன்னா சாமி இது? கோயில்ல நாயனம் ஊதறாரே, அவரு வாயாலதான ஊதறாரு? பெருமாள் எழுந்து போயிட்டாரா?"

"நாயனத்துல ஊதறது நாயனத்தோட போச்சு. அதை நாங்க தலைல முட்டிக்கறதில்லை" என்றார் பெரியப்பா.

"காதால கேக்கறீங்களே சாமி. காது தலைலதான இருக்குது?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. பெரியப்பா குடையை விரித்தார், மடக்கினார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்து, எச்சில் தொடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"பந்துக்குள்ள காத்து இருக்கணும்னு போட்டிருக்கு" என்றார். "யாரோட காத்துன்னு போடலை."

புத்தகத்தை மூடிவிட்டு விசிலை வாயில் வைத்துக்கொண்டு வரதனைப் பார்த்தார். எல்லோரும் வரதனைப் பார்த்தார்கள். நானும் அன்றைக்குத்தான் பந்தை விட்டு ஒரு மனிதரைப் பார்த்தேன். இந்த ஆள் வெளியே நடந்தால் நாளைக்கு நான் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பேன்.

வரதன் பெரியப்பாவிடம் சொன்னார். "எப்படியும் ஆட்டம் முடிஞ்சு நீராடத்தான் போறேன் பெரியப்பா. தோலுக்கும் எச்சிலுக்கும் சேர்த்து ஒரே முழுக்கா போட்டுடறேன்."

ஆட்டம் தொடர்ந்தது. என் பந்து என் மூச்சோடு எழும்பி எழும்பிப் போனது.

முடிய சில நிமிஷம் இருக்கும்போது நெசவாளர்கள் மறுபடியும் அந்தக் கோடியில் பந்தை வெளியே தள்ளினார்கள். அண்ணன் நாலடி எடுத்து வைத்து நின்றுவிட்டான். காலில் குரக்களி பிடித்து நரம்பு இழுத்துக்கொண்டது.

"சாமி, நான் கோல்ல நிக்கட்டுமா, கோட்டுல நிக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. எனக்கு இருக்கறது ஒரு ஜோடி காலுதான்" என்று அங்கிருந்தே கத்தினான்.

வரதன் தன் ஆட்களைப் பார்த்தார். ஒவ்வொருவரும் வேறு எதையோ பார்த்தார்கள். "கோல்லயே நில்லு தேவசகாயம்" என்றார். கோட்டுக்கு நடந்து போனார். குனிந்தார். பந்தை இரண்டு கையாலும் எடுத்தார்.

பெரியப்பாவின் குடை கீழே விழுந்தது.

எடுத்தாரே தவிர, அவர் ஒருநாளும் பந்து எறிந்ததில்லை. நிறைகுடம் தூக்குகிற மாதிரி அணைத்துப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி, வீசினார். த்ரோவுக்கு இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். மாஸ்டர் நீளமாக விசில் அடித்தார். தப்பு. த்ரோ நெசவாளருக்குப் போனது. கன்னியப்பன் எறிந்தார், அவருடைய ஆள் ஒருவர் பந்தோடு கோல் வரைக்கும் ஓடிவந்து உதைத்தார். அண்ணன் கையை நீட்டினான். விரலில் பட்டு உள்ளே போனது.

பெரியப்பா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "தொட்டதும் தொட்டே, ஒழுங்காவாவது எறியப்படாதோடா!" என்று கத்தினார்.

ஆட்டம் முடிந்தது. தலைவர் நாற்காலிக்கு முன்னால் மேசை போட்டு, மாஸ்டர் நோட்டைத் திறந்து வைத்தார். கன்னியப்பன் முதலில் எழுதினார்: 'பந்து நல்லா இருக்குது. கப்பு இன்னும் நல்லா இருக்குது.' கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பேனா வரதன் கைக்கு வந்தது. அவருடைய ஆட்கள் சுற்றி நின்றார்கள்.

"பந்து சரியில்லைன்னு எழுதுடா வரதா. மேட்ச் திரும்ப ஆடணும்னு கேக்கலாம்."

"பாதி ஆட்டத்துல பஞ்சர் ஆச்சே, அது பொய்யா? எழுது."

தலைவரும், "தாராளமா எழுதுங்க, மறு ஆட்டம் வெக்கறேன். பந்து பட்டணத்துலேருந்து வரவழைச்சிடலாம்" என்றார்.

அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பஞ்சர் ஆனது உண்மை, பம்பு வேலை செய்யாதது உண்மை. அவர் எழுதினால் நான் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

"பந்தைக் கொடு" என்றார் வரதன். யாரிடம் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. என்னிடம்தான். கொண்டுபோய்க் கீழே வைக்கப் போனேன், அதுதான் வழக்கம். அவர் கையை நீட்டியே வைத்திருந்தார். கையில் கொடுத்தேன். கட்டைவிரலால் அழுத்தினார். இன்னொரு பக்கம் திருப்பி அழுத்தினார்.

"வாயாலேயே இவ்வளவு கெட்டியா ஊதினியா?"

தலையை ஆட்டினேன்.

அவர் குனிந்து எழுதினார். மாஸ்டர் அதைச் சத்தமாகப் படித்தார். விசில் இல்லாமல் அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்டது அன்றைக்குத்தான்.

'பந்தில் குறை இல்லை. எனக்கு எறியத் தெரியவில்லை. வரதன்.'

தலைவர் நோட்டைத் தன் பக்கம் திருப்பி ஒருமுறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். எழுத்து மாறவில்லை. வரதன் பெரியப்பாவின் குடையை எடுத்து அவர் கையில் கொடுக்கப் போனார். பெரியப்பா பின்னால் நகர்ந்து, "நீராடிட்டு வந்து கொடு" என்றார். இரண்டு பேரும் குளத்துப் பக்கம் போனார்கள், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு. எப்படி எறிந்திருக்க வேண்டும் என்று பெரியப்பா வழியெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே போனார்.

மாஸ்டர் மை காய்கிற வரைக்கும் காத்திருந்து நோட்டை மூடினார். என் பக்கம் திரும்பி, "திங்கக்கெழம எட்டு மணிக்கு ஸ்டோருக்கு வந்துடும்மா" என்றார்.

நான் ஏழு மணிக்கே போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்திருந்தது. அவர் வருவதற்குள் அதற்கு எண்ணெய் போட்டு வைத்தேன்.